மாதிரியக்காவின் குதிரை

ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, கழுத்துப் பட்டையிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு கண்ணியாக ஊசிமுனையால் தொட்டு எண்ணிக்கொண்டு போகிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. எண்ணும்போது யார் பக்கத்தில் வந்து நின்றாலும் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டுவாள். இரு, வருகிறேன் என்று அர்த்தம். மேலாளருக்கும் அதே சுண்டுவிரல்தான், தேநீர் கொண்டுவருகிறவருக்கும் அதே சுண்டுவிரல்தான். எண்ணி முடித்து, கட்டம் போட்ட தாளில் பென்சிலால் புள்ளி வைத்த பிறகுதான் நிமிர்ந்து, "ம், இப்பச் சொல்லுங்க" என்பாள். அதற்குள் மேலாளருக்குத் தாம் எதற்கு வந்தோம் என்பது மறந்து போயிருக்கும்.

பின்னலாடைத் தொழிற்சாலையில் மாதிரிப் பிரிவு என்று ஓர் அறை. வாங்குகிறவர்கள் ஒரே ஓர் உடுப்பை அனுப்பி, இதைப்போல் ஆயிரம் வேண்டும் என்பார்கள். அந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்து, மொத்தம் எத்தனை கண்ணி, எங்கே கூட்டியிருக்கிறார்கள், எங்கே குறைத்திருக்கிறார்கள் என்று தாளில் ஏற்றுவது இவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதேதான். வயது ஐம்பத்தொன்று. அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் அவள் மாதிரியக்கா.

பட்டப்பெயர் சும்மா வரவில்லை. ஒருமுறை வந்த மாதிரியில் பைக்குள் ஒரு சிறிய ஓட்டை இருந்தது. பின்னல் விட்டுப்போயிருக்கிறது, அடைத்துவிட்டு ஏற்று என்றார்கள் எல்லோரும். ஓட்டையோடுதான் ஏற்றுவேன் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள். "மாதிரியைத் திருத்த நீங்க யாரு, நான் யாரு? அது என்ன சொல்லுதோ அதைச் செய்யுறதுதான் நம்ம வேலை." மேலாளர் தலையில் அடித்துக்கொண்டு வேலையை அடுத்த மேசைக்காரரிடம் கொடுத்தார். ஓட்டை இல்லாமல் முந்நூறு ஸ்வெட்டர் போய், முந்நூறும் திரும்பி வந்தன. பாட்டுக் கேட்கும் கம்பியை உள்ளே விடுவதற்காக வேண்டுமென்றே வைத்த ஓட்டையாம் அது. அன்றிலிருந்து அக்கா சொல்லுக்கு அந்த அறையில் மறுபேச்சு இல்லை. அக்காவுக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறியது, இல்லை என்று சொல்ல முடியாது.

இந்த வருடம் புதிய இயந்திரங்கள் வந்து இறங்கின. தாளில் புள்ளி வைத்தால் அவற்றுக்குப் புரியாது, கணினியில் நிரலாக எழுதித் தரவேண்டும். ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து, சனிக்கிழமை பிற்பகல்களில் மாடிக் கூட்ட அறையில் பன்னிரண்டு வாரப் பயிற்சி என்றார்கள். தேறினால் புதிய இயந்திரம், தேறாவிட்டால் அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவு. அக்கா அந்தப் பிரிவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "பசை நாத்தம் குடலைப் புரட்டுது. தலைகீழா நின்னாவது இதைப் படிச்சுடுவேன்" என்றாள்.

பாடம் சொல்ல வந்தவள் இருபத்துமூன்று வயதுப் பெண். அக்கா அவளை டீச்சர் என்பாள், அவள் அக்காவை அம்மா என்பாள். எல்லோரும் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருக்க, அக்கா மட்டும் நிரலை முதலில் கட்டத்தாளில் பென்சிலால் எழுதி, அடித்து, திருத்தி, அப்புறம் ஒற்றை விரலால் ஏற்றுவாள். ஒரே கட்டளையை இயந்திரம் மறுபடி மறுபடி செய்வதற்கு டீச்சர் ஏதோ பெயர் சொன்னாள். அக்கா அதற்குச் "சுத்து" என்று பெயர் வைத்தாள். கழுத்துப் பட்டை பின்னும்போது ஊசி வட்டமாகச் சுற்றி வருவதும் அதுதானே என்றாள். பிழை வந்து திரை சிவந்தால், "டீச்சர், என்னைப் பார்த்து முறைக்குது" என்பாள். நான்காவது வாரத்துக்குள் வகுப்பு முழுக்க இந்த மொழிதான் ஓடியது. டீச்சரே ஒருநாள், "இந்தச் சுத்துல ஒரு கண்ணி விட்டுப்போச்சு பாருங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆறாவது வாரம் ஒரு கணக்கு கொடுத்தாள். சதுரங்கப் பலகையில் ஏதாவது ஒரு கட்டத்தில் குதிரை நிற்கிறது. அது அடுத்து எந்தெந்தக் கட்டத்துக்குப் போகலாம் என்று நிரல் சொல்லவேண்டும். பலகைக்கு வெளியே விழும் கட்டங்களைத் தள்ளிவிடவேண்டும். குதிரை எப்படி நகரும் என்பது அந்தத் தாளில் இல்லை. எல்லோருக்கும் தெரியும் என்று டீச்சர் நினைத்துவிட்டாள். தெரியாதவர்கள் கையைத் தூக்கிக் கேட்டார்கள். அக்கா தூக்கவில்லை. "எங்க வீட்ல ஆள் இருக்கு" என்றாள், கொஞ்சம் மிதப்பாகவே.

வீட்டில் இருந்த ஆள் பேருந்து ஓட்டுநர். இருபத்தாறு வருடமாக நகரப் பேருந்து. பணிமனை ஓய்வறையில் சதுரங்கம் என்றால் அவரை அடிக்க ஆள் கிடையாது. போட்டிகளில் வாங்கிய மூன்று சுவர்க்கடிகாரங்கள் வீட்டில் மூன்று நேரம் காட்டிக்கொண்டிருக்கும். இத்தனை வருடத்தில் அக்கா பலகைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அதை அவள் அவருடைய சின்ன வீடு என்பாள். "என்னங்க, சாப்பிட வர்றீங்களா, இல்ல இன்னிக்குச் சின்ன வீட்டுலயே சாப்பாடா?" அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. "அவ எதிர்த்துப் பேசமாட்டாளே, அதான் கொஞ்சம் அசந்துட்டேன்" என்பார். பெண்ணைக் கட்டிக் கொடுத்து வெளியூர் அனுப்பிய பிறகு, இருவரும் மட்டும் இருந்த அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதமாகத்தான் மனிதர் ஒரு மாதிரி ஆகியிருந்தார். மூன்று நாள் தலைவலி என்று படுத்துக் கிடந்தார். மாத்திரை போட்டு எழுந்தார். அதற்குப் பிறகு எதிலும் கவனம் போதவில்லை. தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஒரு கன்னத்தில் மட்டும் தாடி முள்ளாக நிற்கும். பணிமனையில் பலகையைத் தொடுவதையே விட்டுவிட்டார். கேட்டால், "ஆடத் தெரிஞ்ச ஆளு எவன் இருக்கான் அங்க?" என்றார். பேருந்தின் பக்கக் கண்ணாடி இரண்டு முறை கம்பத்தில் உரசி உடைந்தது. புது வண்டி, அகலம் அதிகம் என்றார். அக்கா இதையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. வயசு ஆக ஆகச் சோம்பேறித்தனம் கூடுது என்று திட்டினாள். திட்டிவிட்டு, சட்டையில் அவர் போடாமல் விட்ட கைப்பொத்தானைத் தானே போட்டுவிட்டாள்.

குதிரையைக் கற்றுக்கொடுக்கக் கேட்டபோது அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இருபத்தெட்டு வருஷம் கழிச்சு சின்ன வீட்டுக்குப் பெரிய வீடு விருந்துக்கு வருது" என்று சொல்லிக்கொண்டே பலகையைத் துடைத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். நடுக்கட்டத்தில் குதிரையை வைத்தார். "ரெண்டு நேரா, ஒண்ணு பக்கவாட்டுல. இல்லன்னா ஒண்ணு நேரா, ரெண்டு பக்கவாட்டுல. நடுவுல யாரு நின்னாலும் தாண்டும்." விரலை எடுத்து ஒவ்வொரு கட்டமாக வைத்தார். இங்கே, இங்கே, இங்கே, இங்கே.

அக்கா கட்டத்தாளில் நான்கு புள்ளி வைத்தாள். வைத்துவிட்டுத் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் மட்டும் பின்னி, மறுபக்கம் பின்னாமல் விட்ட பூ வேலையைப்போல் கண்ணை உறுத்தியது.

"அவ்வளவுதானாங்க?"

"அவ்வளவுதான்."

"எல்லாம் ஒரே பக்கமாப் போகுதே?"

"குதிரைன்னா அப்படித்தாம்மா. கோணல் புத்தி. யானைதான் நேரா நடக்கும்."

வேறு எவராக இருந்தாலும் இன்னொரு தடவை கேட்டிருப்பார்கள். அக்கா கேட்கவில்லை. மாதிரியைத் திருத்த நீ யார், நான் யார்? முப்பது வருடம் ஆடியவர் விரலை வைத்துக் காட்டியிருக்கிறார், அதைவிட என்ன மாதிரி வேண்டும்? நான்கு புள்ளியை நான்கு ஜோடி எண்ணாக்கி, மூன்று மாலை உட்கார்ந்து நிரலை எழுதினாள். பலகையின் ஓரத்தைத் தாண்டும் கட்டங்களைத் தள்ளிவிடும் இடத்தில் மற்றவர்கள் திணறியபோது அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடாக இருந்தது. ஓரத்தில் கண்ணியை முடிப்பதைத்தானே வாழ்நாள் முழுக்கச் செய்திருக்கிறாள்.

சனிக்கிழமை டீச்சர் ஒவ்வொருவர் நிரலையும் எல்லோரும் பார்க்கும்படி பெரிய திரையில் ஓட்டினாள். சிலருடைய குதிரை பலகையைவிட்டு வெளியே குதித்தது. ஒருவருடையது நின்ற இடத்திலேயே நின்றது. அக்காவின் முறை வந்தது. டீச்சர் நடுக்கட்டத்தைக் கொடுத்தாள். நான்கு கட்டங்கள் வந்தன. டீச்சர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு வலது ஓரக் கட்டம் ஒன்றைக் கொடுத்தாள். திரையில் ஒன்றுமே வரவில்லை.

"அம்மா, பாதி எழுதிட்டு விட்டுட்டீங்களா? குதிரைக்கு எட்டு இடம் உண்டே. உங்க குதிரை இடப்பக்கமே போக மாட்டேங்குது. வலது ஓரத்துக்குப் போய்ட்டா அப்புறம் திரும்பி வர வழியே இல்ல."

யாரோ பின்னால் சிரித்தார்கள். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தாள். "டீச்சர், எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷமா ஆடுறார். அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?" டீச்சர் தன் கைபேசியில் படம் ஒன்றை எடுத்துக் காட்டினாள். நடுவில் குதிரை, சுற்றிலும் எட்டுப் புள்ளிகள். ஒழுங்கான, இருபக்கமும் நிறைந்த பூ. பார்த்த மாத்திரத்தில் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் சரி. அன்றைக்கே கண்ணை உறுத்தியது சும்மா இல்லை.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மனிதர் விளையாடியிருக்கிறார் என்று நினைத்தாள். இப்படிச் செய்யக்கூடியவர்தான். கல்யாணமான புதிதில் உப்பு டப்பாவில் சர்க்கரையைக் கொட்டி வைத்து வேடிக்கை பார்த்தவர். ஆனால் இது அவள் வேலை. அட்டைப்பெட்டிப் பசை நாற்றம் மூக்கில் ஏறியது. வழியெல்லாம் என்னென்ன கேட்கவேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டே வந்தாள்.

கதவைத் திறந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எல்லாரு முன்னாடியும் என்னை நிக்க வெச்சுச் சிரிக்க விட்டுட்டீங்களே, இது நல்லாருக்கா? குதிரைக்கு எத்தனை இடம்? நாலா?"

ஓட்டுநர் விழித்தார். "நாலா? யார் சொன்னா? எட்டு. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே."

"நீங்கதான் நாலு காட்டினீங்க."

"நான் ஏன் நாலு காட்டுறேன்? எட்டும் காட்டினேன். நீதான் பாதியில தாளைப் பார்த்துட்டு இருந்திருப்ப."

"சரி. இப்பக் காட்டுங்க."

பலகையை விரித்தார். குதிரையை நடுவில் வைத்தார். இந்த முறை அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அவர் விரலை வைத்து உரக்க எண்ணினார். ஒன்று, வலப்பக்கம் மேலே. இரண்டு, மூன்று, நான்கு. விரல் நிற்கவில்லை. மறுபடி மேலே போய், முதலில் தொட்ட அதே கட்டத்தைத் தொட்டது. ஐந்து. அதே அடுத்த கட்டம். ஆறு. அதே கட்டம். ஏழு. எட்டு.

"எட்டு. சரியா? எண்ணிக்கிட்டியா?" என்று சிரித்தார்.

அக்காவுக்குக் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஒரு சிப்பாயை எடுத்து, சத்தமில்லாமல், குதிரைக்கு இடப்பக்கம் ஒரு கட்டத்தில் வைத்தாள். "பலகைமேல இப்ப என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"குதிரை."

"வேற?"

"வேற என்ன? குதிரைதான். ஏன் அப்படிப் பார்க்கிற?"

அவள் அவருக்கு இடப்பக்கமாக நகர்ந்து நின்று கையை ஆட்டினாள். அவர் அவள் முதலில் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டு, "எங்க போய்ட்ட?" என்றார். தட்டு, கன்னம், கைப்பொத்தான், பேருந்துக் கண்ணாடி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தன. எல்லாம் ஒரே பக்கம், இடப்பக்கம். நாளைக்கு இவருக்குக் காலை முதல் வண்டி. இடப்பக்கத்தில் குழந்தை ஓடி வந்தாலும், சைக்கிள் வந்தாலும், இவருக்கு அங்கே ஒன்றும் இருக்காது. இரண்டு மாதமாக இப்படித்தான் ஓட்டியிருக்கிறார்.

நாளைக்குப் போகவேண்டாம் என்றாள். காரணத்தைச் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். அப்புறம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் நேரம் சொன்னார். மற்றக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி சொன்னார். "ரெண்டு கண்ணும் கல்லு மாதிரி இருக்கு. உன் பரீட்சையில கோட்டை விட்டதுக்கு என் வேலையில கை வைக்காத" என்றார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் அவளிடம் பேசிய மிகக் கடுமையான பேச்சு அதுதான். விடிவதற்கு முன் எழுந்து, ஒரு கன்னத்தை மட்டும் மழித்துக்கொண்டு, சொல்லாமல் கிளம்பினார்.

பணிமனை இரண்டு தெரு தள்ளி. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். வண்டிகளுக்கு ஆள் ஒதுக்கும் மேற்பார்வையாளரின் அறைக்குள் அவர் நுழைந்தபோது இவளும் மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றாள். "சார், இவரு இன்னிக்கு வண்டி எடுக்கக் கூடாது. இவருக்கு இடது பக்கம் தெரியல."

மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. அவரும் சதுரங்கம் ஆடுகிறவர். "பலகையை விடுறதுக்கு முன்னாடி கடைசியா ஆடுனப்பல்லாம் அண்ணன் ஒரு பக்கத்துக் காய்களைத் தொடவே இல்ல. எனக்காக விட்டுக்கொடுக்கிறார்னு நினைச்சேன்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல், ஓட்டுநரின் இடக்கைக்கு ஒரு சாண் தள்ளி வைத்தார். "அண்ணே, உங்க வண்டிச் சாவி. எடுத்துக்குங்க."

ஓட்டுநர் மேசையைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்த்தார். "குடுங்க சார், நேரமாச்சு" என்று கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே இருந்தது. சாவி அங்கேயே கிடந்தது. வாசலில் நின்ற அக்காவின் கை தானாக எழுந்தது, எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று. வாழ்நாளெல்லாம் அவர் தேடியதை எடுத்துக் கொடுத்துப் பழகிய கை. அதை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அறையில் இருந்தவர்கள் யாரும் பேசவில்லை. பேசாததிலிருந்துதான் ஓட்டுநருக்கு ஏதோ தவறு என்று புரிந்தது.

மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். "கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. மூளையில சின்ன ரத்தக்குழாய் ஒண்ணு அடைச்சிருக்கு. அந்தத் தலைவலி அதுதான்" என்றார் மருத்துவர். "இடப்பக்கம் இவருக்கு இருட்டாத் தெரியாது. இருட்டாத் தெரிஞ்சா ஏதோ இல்லன்னு தோணும். அப்படி ஒரு பக்கம் இருக்குங்கிறதே தோணாது." பயிற்சி செய்தால் கொஞ்சம் தேறலாம், வண்டி ஓட்டும் அளவுக்கு வராது என்றார். ஓட்டுநர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ரெண்டு மாசத்துல யாரையாவது இடிச்சிருந்தா, எனக்குத் தெரிஞ்சிருக்குமா?" மருத்துவர் படத்தை எடுத்து உறைக்குள் திரும்ப வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை அக்கா நிரலில் மீதி நான்கு ஜோடி எண்களைச் சேர்த்தாள். பத்து நிமிட வேலை. குதிரை எல்லாப் பக்கமும் போயிற்று, ஓரத்திலிருந்து திரும்பி வந்தது. டீச்சர் கைதட்டினாள். நடந்ததைக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காதான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பன்னிரண்டு வாரம் முடிந்து, ஏழு பேரில் முதலாவதாகத் தேறி, புதிய இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வேலையைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் மாதிரி வந்தால் முன்போல் உடனே எண்ணத் தொடங்குவதில்லை. மடித்து, இரண்டு பாதியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். மேலாளர் என்ன யோசனை என்று கேட்டால், "ஒண்ணுமில்ல சார், ஒரு தடவை கேட்டுப் பார்த்துக்கிறேன்" என்கிறாள்.

ஓட்டுநர் வீட்டில் இருக்கிறார். பணிமனையில் நடத்துநர்களுக்குப் பயணச்சீட்டுக் கட்டுகளை எடுத்துக் கொடுக்கும் உட்கார்ந்த வேலை தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டார். பார்க்க வந்த நண்பர்களிடம், "என் வண்டியை நிறுத்தினது எமன் இல்லப்பா, என் பொண்டாட்டி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தேநீர் கொண்டுவந்த அக்கா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேண்டியதை ஒற்றைச் சொல்லில் கேட்பார். அவர் பாதித் தட்டோடு நிறுத்தும்போது அக்கா தட்டைத் திருப்பி வைப்பாள். எங்கிருந்தோ சாப்பாடு புதிதாக வந்ததைப்போல் பார்த்துவிட்டு, பேசாமல் சாப்பிடுவார். சதுரங்கப் பலகையை அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார். சின்ன வீடு, பெரிய வீடு பேச்சு அந்த வீட்டில் இப்போது இல்லை.

பக்கத்து மேசைக்காரி ஒருநாள், "நல்லதுதானேக்கா பண்ணீங்க, எத்தனை உயிர் தப்பிச்சுது" என்றாள். அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். "நல்லதுதான். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். திருப்பி அதே நாள் வந்தாலும் அதேதான் பண்ணுவேன். ஆனா அந்தக் கையை நீட்டிட்டு நின்னாரே, அதை நான் பார்த்திருக்கக் கூடாது. நான் பார்த்தேன்கிறதுதான் அவருக்குத் தாங்கல." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். ஊசியை மறுபடி கையில் எடுத்தாள்.

பயிற்சிக்கு வாரம் ஒருநாள் மருத்துவமனைக்கு நடந்தே போகிறார்கள். பெரிய சாலை, நடைபாதையை எங்கோ தோண்டிப் போட்டிருப்பதால் சாலை ஓரமாகவே போகவேண்டும். வண்டிகள் போவது அவருக்கு இடப்பக்கம். முதல் மூன்று வாரம் அவர் முன்னால், அவள் நாலடி பின்னால். நான்காவது வாரம் அவர் நடையைக் கொஞ்சம் குறைத்தார். அவள் வலப்பக்கமாக அவரோடு சேர்ந்துகொண்டாள், அங்கேதான் அவருக்கு அவளைத் தெரியும். கொஞ்ச தூரம் போனதும், என்ன தோன்றியதோ, அவராகவே வாயைத் திறந்தார். பணிமனையில் முன்பு ஒரு நடத்துநர் தன் பையை வண்டியிலேயே விட்டுவிட்டு வேறு வண்டியில் ஏறிப்போன கதை. அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். நாற்பது நாளுக்குப் பிறகு அவர் அவளைப் பார்த்துப் பேசுகிறார். அவள் "ம், அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள்.

அவர் தோளை உரசுவதைப்போல் ஒரு மோட்டார் சைக்கிள் இடப்பக்கமாகச் சீறிக்கொண்டு போனது. அவருக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. சத்தம் வந்த திசையில் ஒன்றும் இல்லாததால் கதையைத் தொடர்ந்தார். அக்கா ஒரு நிமிடம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அப்புறம் அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, வண்டிகள் போகும் பக்கத்துக்கு, அவருக்கு இல்லாத அந்தப் பக்கத்துக்கு வந்தாள்.

"எங்க போய்ட்ட?" என்று அவர் வலப்பக்கம் திரும்பித் தேடினார்.

"இங்கதாங்க இருக்கேன். நீங்க சொல்லுங்க."

அவர் வலப்பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்தபடியே, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். அவள் அவருடைய இடது முழங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.